உங்களுக்குத் தெரியுமா? – மாமல்லபுரம் வலை, வானத்துச் சிற்பம்

● உலக நகரங்களின் வானத்தில் பிரம்மாண்டமான வலைச் சிற்பங்களைத் தொங்கவிடும் அமெரிக்கக் கலைஞர் ஜேனட் எச்செல்மன் அதற்குப் பிள்ளையார் சுழி போட்ட இடம் மாமல்லபுரம் கடற்கரை! 1997இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்தவர், ஓவியக் கண்காட்சி நடத்துவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அனுப்பிய வண்ணங்களோ வந்துசேரவில்லை. சிற்பிகளின் ஊராயிற்றே என்று வெண்கல வார்ப்பில் இறங்கினார். பெரிதாகச் செய்ய எடையும் செலவும் இடம்கொடுக்கவில்லை. கடற்கரையில் நடக்கையில், மீனவர்கள் மணலில் வலையைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்த்த காட்சிதான். அன்று மட்டும், கனமே இல்லாமல் ஓர் உருவத்தை எழுப்ப வழி அதில் தெரிந்தது.

முதல் வலைச் சிற்பத்தை அந்த மீனவர்களோடு சேர்ந்தே செய்தார். படமெடுக்கக் கம்பங்களில் ஏற்றியபோது, காற்றின் ஒவ்வொரு நெளிவும் வலையில் ஓடியது. ஒற்றைக் கல்லில் ரதம் செதுக்கிய ஊரில், நூலும் காற்றும் சேர்ந்து சிற்பமாகியிருக்கின்றன. முடிச்சு தவறாமல் வலை பின்னும் நம் கடலோரத்துக் கைகளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன!

● போர்ச்சுகலின் போர்ட்டோ அருகே, கடலோரச் சாலை வட்டத்துக்கு மேலே 2005 முதல் அவருடைய வலை ஒன்று ஆடுகிறது. வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் இற்றுப்போகாத நூலைத் தேடிப்பிடித்துச் செய்தது. அந்த மெல்லிய வலையைத் தாங்கும் எஃகு வளையத்தின் எடை 20 டன்!

● ‘1.26’ என்பது ஜேனட்டின் இன்னொரு வலைச் சிற்பத்தின் பெயர். 2010 பிப்ரவரியில் சிலியை உலுக்கிய நிலநடுக்கத்தால், பூமியின் ஒரு நாள் 1.26 மைக்ரோ விநாடி குறைந்ததாக நாசா விஞ்ஞானி கணக்கிட்டார். அப்போது எழுந்த சுனாமியின் அலை உயரத் தரவுகளிலிருந்தே வலையின் வடிவம் பிறந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் டென்வரில் கட்டினார்கள்.

● 2015இல் பாஸ்டனில் உயரமான கட்டடங்களுக்கு நடுவே கட்டிய வலையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள். 100 மைலுக்கும் அதிகமான கயிறு. மொத்த எடை சுமார் ஒரு டன்தான். ஒரு மூலை அசைந்தாலே முழு வலையும் அசைந்தது.

● ஃபீனிக்ஸ் நகரில் 2009இல் அமைந்த வலையை அண்ணாந்து பார்த்தால் போதாது என்று நினைத்திருக்கிறார் ஒரு பெண் வழக்கறிஞர். உள்ளூர் கலைக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர் அவர். அலுவலகத்தில் இருந்தவர்களையெல்லாம் கீழே இழுத்துவந்தார். கோட்டும் சூட்டுமாக, முன்பின் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில், எல்லோரும் புல்லில் மல்லாந்து படுத்து, காற்று வலையை எப்படியெல்லாம் மாற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.