சிதைவினின்று எழுந்த விமானங்கள்

எமது கலஹாப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளிலே, மக்கள் ரோதை என வழங்கும் பழைய இயந்திரங்களைக் கண்டிராத மாணவர் சிலரே. அவற்றிற் பல்சக்கரமொன்று தேய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும். செய்த கம்பனி இருப்பின் எழுதி வரவழைக்கலாம். இல்லையேற் பட்டறையில் வார்ப்பிக்கலாம். அதுவும் இயலாவிடின், மூலையிற் கிடக்கும் அதே இன இயந்திரத்திலிருந்து கழற்றிப் பூட்டலாம். நெடுநாள் உழைக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கும் வழிகள் இவையே. ஆயின், தரையிலே சக்கரம் உடைந்தாற் கொழுந்து கெடும். வானிலே உடைந்தால் உயிர் போம்.

1944ஆம் ஆண்டிலே மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் அயலிலுள்ள பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்ததை அன்பர்கள் அறிவர். அந்த யுத்தத்தில் மின்னேரியாவிலிருந்து பிரித்தானிய விமானப்படையினர் செலுத்தியவற்றுள் லிபரேற்றர் என்னும் அமெரிக்க விமானமும் ஒன்று. நான்கு இயந்திரங்கள் கொண்ட அவ்விமானம் 18,000க்கு மேற் செய்யப்பெற்றது. 1945இல் உற்பத்தி நின்றது. இரவலாகப் பெற்றவையாதலின், யுத்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தல் வேண்டும், அன்றி அழித்தல் வேண்டும். எனவே இந்தியாவில் நின்றவற்றைப் பிரித்தானியர் கான்பூரிலே குவித்து, மீண்டும் பறவாவண்ணம் சிதைத்துச் சென்றனர்.

1948இல் இந்திய விமானப்படைக்குக் குண்டு விமானம் வேண்டியிருந்தது. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அக்குவியலைத் துருவினர். ஒன்றிலே பழுதானதை மற்றொன்றிலே தேடியெடுத்துப் பூட்டிப் பறக்குமளவுக்கு மட்டும் திருத்தினர்; அவற்றை விமானி ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருக்குச் செலுத்திச் சென்றார். முழுத் திருத்தமும் அங்கேதான். யாம் வியப்பது அப்பயணங்களையே! இவ்வாறு 40க்கு மேற்பட்டவை உயிர்பெற்று, 1968ஆம் ஆண்டு இறுதிவரை சேவையில் இருந்தன.

இயந்திரத்தைப் பொறுத்தமட்டில் ஓர் அனுகூலம் இருந்தது. லிபரேற்றரின் இயந்திரமும் டக்கோட்டாவின் இயந்திரமும் ஒரே குடும்பத்தவை. டக்கோட்டாக்களோ இந்தியாவிற் பல. ஆயினும், உயரத்து மெல்லிய காற்றை அழுத்தி ஊட்டும் சுழலி டக்கோட்டாவில் இல்லை. அத்தகைய உறுப்புக்குத் தன்னினத்தையே நாடல் வேண்டும்.

ஒன்றைக் கழற்றி மற்றொன்றிற் பூட்டுதல் எளிதெனக் கருதற்க. உலோகமும் களைப்புறும், அக்களைப்புக் கண்ணுக்குப் புலனாகாது. எனவே முக்கிய உறுப்புகள் எத்தனை மணி பறந்தன என்பதற்குக் கணக்கு வேண்டும். குப்பையிற் கிடந்த உறுப்புக்கு ஏது கணக்கு? மேலும், எடுக்க எடுக்கக் குவியல் குறையும். விதைநெல்லைக் குற்றி உண்பது போன்றதே இது. ஆயினும் பசித்தவனுக்கு வேறு வழி யாது?

செல்வம் மிக்க அமெரிக்காவும் இதற்கு விலக்கன்று. அவர்தம் பி-52 விமானங்களுட் கடைசியானது 1962இல் முடிந்தது. சேவையில் குறைந்ததை நிரப்ப, அரிசோனாப் பாலைவனத்தில் நிறுத்திவைத்தவற்றுள் ஒன்றை 2015இலும் இன்னொன்றை 2019இலும் மீட்டெடுத்தனர். வறண்ட காற்றிலே துரு எளிதில் ஏறாது என்பதே அவ்விடத்தின் சிறப்பு.

கான்பூர் லிபரேற்றர்களுட் சில இன்று பிறநாட்டு அரும்பொருட்சாலைகளில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை இந்தியா 1974இலே பிரித்தானிய விமானப்படையின் அரும்பொருட்சாலைக்கு நன்கொடையாக அளித்தது. சிதைத்துச் சென்றவர் கைக்கே அது முழு உருவோடு போய்ச் சேர்ந்தது.