கண்டியில் நான் காணாத கண்டி

கண்டியிற் பிறந்தவர்கள் கண்டியைப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கென்றே தொலைதூரங்களிலிருந்து மக்கள் வந்துகொண்டிருக்கும்போது நமக்கேன் அந்த வேலை என்று விட்டுவிடுகிறோம் போலும். நானும் அப்படித்தான் இருந்தேன். எசல பெரகராக் காலத்தில் வீடு நிறைய விருந்தினர் வருவர். முதல் நாள் தலதா மாளிகை; மாலையில் வாவிக்கரையில் ஒரு நடை; மறுநாட் காலை பேராதனைப் பூந்தோட்டம். இவ்வளவோடு என் கடமை முடிந்தது என்று பல்லாண்டுகள் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அந்த நிம்மதியைக் குலைத்தவர் வடமராட்சியிலிருந்து வந்திருந்த ஒரு முதியவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நானும் தமிழாசிரியன் என்ற உரிமையில் என்னைத் தம்பி என்றே அழைப்பார். வந்த அன்று மாலை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, மாளிகை, வாவி, பூந்தோட்டம் மூன்றையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நாலைந்து தரம் பார்த்துவிட்டேன். நீர் பிறந்த கண்டியைக் காட்டும்" என்றார்.

எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. அதை மறைப்பதற்காக, "நடந்து போவோம், மாஸ்டர்" என்றேன்.

நடந்தபோது முதலில் நின்றது மலபார் வீதியில். மாளிகையிலிருந்து நடந்தே போகக்கூடிய தெரு. அங்கே எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். அதன் பெயரை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தமிழரைக் குறிக்க வழங்கிய சொல் மலபார் என்பது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட மன்னர் நால்வரும் நாயக்க மரபினர். மதுரைச் சீமையிலிருந்து அவர்களைத் தொடர்ந்து வந்த உற்றார் உறவினர் குடியிருந்த தெரு இது. கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் நாள் பிடிபட்டான். மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். அவனுடைய சுற்றத்தாரும் கடல் கடத்தப்பட்டனர். வேலூரிலே பாலாற்றங்கரையில் அவனுக்கு ஒரு முத்து மண்டபம் இருக்கிறது. இங்கே அவன் வெட்டிய வாவி இருக்கிறது; அவன் உறவினரின் தெருவுக்குப் பிறர் இட்ட பெயர் இருக்கிறது. அதைச் சொல்லக் கேட்ட மாஸ்டர், பெயர்ப் பலகையைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

அங்கிருந்து, மாளிகைக்குப் பின்புறமாக நூதனசாலையைத் தாண்டி மேடேறிப் பழைய ஆங்கிலப் படையினரின் மயானத்துக்குப் போனோம். புல் ஒழுங்காக வெட்டப்பட்டு, ஆரவாரமின்றிக் கிடக்கும் சிறு நிலம். கல்லறைகளைப் படித்துக்கொண்டு போனால் மனம் கனக்கும். காய்ச்சலிலும் கழிச்சலிலும் மாண்ட இளைஞர்கள், குழந்தைகள். 1856 இல் காட்டு யானையால் கொல்லப்பட்ட ஒருவரும் அங்கே கிடக்கிறார். இலங்கையில் அவ்விதம் மாண்டதாகப் பதிவாகிய ஐரோப்பியருள் ஏழாமவர், இறுதியானவர். 1824 இல் இறந்த சேர் ஜோன் டொயிலியின் கல்லறையும் அங்கேதான். 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டிப் பிரதானிகள் ஒப்பமிட்ட உடன்படிக்கைக்குப் பின்னின்று உழைத்தவர் அவர். இந்த நாட்டுக்கு இளைஞராக வந்து, மாத்தறையில் ஒரு பிக்குவிடம் சிங்களம் கற்றவர். மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு பாஷையைச் சரியாகப் படித்து ஒரு இராச்சியத்தையே வாங்கியிருக்கிறான், பாரும்" என்றார். அது பாராட்டா, வசையா என்று நான் கேட்கவில்லை.

உடவத்தகலைக் காட்டை அன்று எட்டிப் பார்க்கத்தான் நேரமிருந்தது. மாளிகையின் தலைக்கு மேலே ஒரு பெருங்காடு நிற்கிறது என்பதும், ஜெர்மனியிற் பிறந்து 1994 இல் மறைந்த ஞானபோனிக தேரர் அந்தக் காட்டு ஆச்சிரமத்திலிருந்து பௌத்த நூல்களை உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதும் கண்டிக்காரர் பலருக்குச் செவிவழிச் செய்தியே. அந்தக் காட்டுக்குத் தனியே ஒரு நாள் வேண்டும். கையில் உப்போ சவர்க்காரமோ இருந்தால் நல்லது. அட்டைகள் விருந்தோம்பலில் குறை வைப்பதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொழும்பு வீதியில் பஸ் ஏறினோம். பேராதனையைக் கடக்கும்போது, பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கு இருக்கும் திசையை மாஸ்டருக்குக் காட்டினேன். 1961 இல் சரச்சந்திரரின் 'சிங்கபாகு' அரங்கேறிய இடம். தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த சிங்கள நாடகமவை அவர் புதுக்கினார். அதைக் கண்டு ஊக்கம் கொண்ட பேராசிரியர் வித்தியானந்தன், அதே பல்கலைக்கழகத்தில், 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என நம் கூத்துகளை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கடன் கொடுத்தவன் தன் பொருளின் மதிப்பைக் கடன் வாங்கியவன் வீட்டில் கண்டுகொண்ட கதை அது. மாஸ்டர் அந்நாளைய கூத்துகளில் ஒன்றை நேரிற் பார்த்தவராம். பிலிமத்தலாவை வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பிலிமத்தலாவைச் சந்தியில் இறங்கித் தவுலகல வீதியிற் சிறிது தூரம் சென்றால் கடலாதெனிய விகாரை. பெரும்பாறையொன்றின் மேல் முழுவதும் கல்லாலே எழுந்த கோயில். முன்மண்டபத்துத் தூண்களில் ஆடுவோரும் கொட்டுவோரும். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண், தான் இருப்பது புத்தர் சந்நிதி என்பதை ஒரு கணம் மறந்துவிடும். அதற்குக் காரணம் உண்டு. 1344 இல் நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில் தர்மகீர்த்தி தேரர் எடுப்பித்த இக்கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. பெயரைக் கேட்டவுடன், "நம்முடைய ஆசாரி!" என்று மாஸ்டர் உரக்கக் கூவிவிட்டார். பூத்தட்டோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கிருந்து வயலும் தோப்புமாகக் கிடக்கும் உடுநுவரைச் சிற்றூர்களினூடே போனால் இலங்காதிலக விகாரை. பன்ஹல்கல என்னும் பாறையின் உச்சியில், வெண்சுதை பூசி, வானத்தோடு பேசிக்கொண்டு நிற்கிறது. இதுவும் 1344 ஆம் ஆண்டினதே. கட்டுவித்தவன் சேனாலங்காதிகாரன் என்னும் மந்திரி. கட்டிய சிற்பி தென்னாட்டு ஸ்தபதி ராயர். உள்ளே கிழக்கு நோக்கிப் புத்தர் அமர்ந்திருக்க, புறச்சுவரைச் சுற்றிலும் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் என ஐந்து தெய்வங்களுக்குத் தனித்தனிச் சந்நிதிகள். அதே 1344 இல்தான் இபுன் பதூதா என்னும் அராபிய யாத்திரிகர் இத்தீவில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாகத் தங்கிச் சிவனொளிபாதமலைக்கு ஏறினார். ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், எத்தனை பேர் எத்தனை பாஷைகளில் நடமாடியிருக்கிறார்கள்!

கோயிலைச் சுற்றி வந்தபோது இளம்பிக்கு ஒருவர் எங்களிடம் வந்தார். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்க வேண்டும். பாறையில் நீளமாக வெட்டப்பட்டிருந்த சாசனத்தருகே எங்களை அழைத்துச் சென்றார். கோயில் எழுந்த செய்தியையும் அதற்கு விடப்பட்ட நிலபுலங்களையும் அங்கே சிங்களத்திலும் பொறித்திருக்கிறார்கள், தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். பிக்கு தமிழ் எழுத்திருந்த பகுதியைச் சுட்டிக் காட்டிச் சிங்களத்தில் சொன்னார்: "சிங்களத்தை நாங்கள் ஒருவாறு எழுத்துக்கூட்டிவிடுவோம். இது உங்களுடையது. என்ன சொல்லியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லுங்கள்."

நான் குனிந்தேன். இருபத்தேழு ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவன். தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்துக்குப் பாடம் சொன்னவன். அந்தப் பாறையில் ஒரு சொல்லை என்னால் வாசிக்க முடியவில்லை.

காரணங்களைப் பின்னர் அறிந்துகொண்டேன். அவற்றை இங்கே சொல்வது என்னை நியாயப்படுத்துவதற்கன்று, இதைப் படிக்கும் மாணவர்கள் என்னைப் போல் திகைத்து நிற்காதிருப்பதற்கே. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் காணும் வேறுபாடு வீரமாமுனிவர் காலத்துத் திருத்தம். அதற்கு முந்திய கல்லில் அதைத் தேடிப் பயனில்லை. ரகரமும் ஆகாரக் காலும் ஒன்றுபோலவே இருக்கும். வடசொல் வந்தால் கிரந்த எழுத்துக் கலக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. இவற்றுக்கு மேலே அறுநூற்று எண்பது ஆண்டு மழை.

ஆனால் அந்த வேளையில் இவை ஒன்றும் எனக்குத் தெரியா. பிக்கு காத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் என் பக்கத்தில் முழந்தாளிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இது ககரம் போலத் தெரிகிறது" என்றார். அதற்குப் பிறகு அவரும் ஒன்றும் பேசவில்லை. "எழுத்துத் தேய்ந்துவிட்டது" என்று பிக்குவிடம் சொன்னேன். அது முழு உண்மையன்று. அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்து எம்பக்கைக்குப் போனோம். அது கதிர்காமத் தெய்வத்தின் கோயில், நம்முடைய முருகன்தான். மேளகாரர் மண்டபத்து மரத்தூண்களில் மல்லர் பொருகிறார்கள், அன்னங்கள் கழுத்துப் பின்னுகின்றன, இருதலைப்புள் சிறகு விரிக்கிறது, தாயொருத்தி மகவுக்குப் பாலூட்டுகிறாள். தேவேந்திர மூலாச்சாரி என்னும் தச்சன் செதுக்கியவை என்று ஐதிகம். கூரையின் ஒரு முனையில் இருபத்தாறு கைமரங்களை ஒரே மர ஆணி ஒன்றுசேர்த்துப் பிடித்திருக்கும் அதிசயத்தைக் காவலாளி காட்டினார். வேறொரு நாளாயின் அங்கேயே இருட்டும்வரை நின்றிருப்பேன். அன்று என் மனம் பாறையிலேயே கிடந்தது. திரும்பும் பஸ்ஸில் மாஸ்டரும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அவர் ஊருக்குப் போன பின் நான் தனியே அலையத் தொடங்கினேன். நகரின் மறுபக்கத்தில், குண்டசாலைப் புறத்திலுள்ள கல்மடுவ கெடிகேக்குப் போனேன். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் தொடங்கி முற்றுப்பெறாது நின்ற கட்டடம். கோபுரம் போன்ற அதன் சிகரத்தைக் கண்டால் கட்டுவித்தவன் எந்த மண்ணிலிருந்து வந்த குலத்தவன் என்று கேட்க வேண்டியதில்லை. ஆயினும் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து 1753 இல் பிக்குகளின் உபசம்பதாவை மீட்டளித்தவனும் அவனே. அயலிலுள்ள தெகல்தொருவைக் குகையின் சுவரோவியங்களும் அவன் காலத்தில் தொடங்கியவையே.

எங்கே சுற்றினாலும் பாறை கூடவே வந்தது. பேராசிரியர் சி. பத்மநாதனின் 'இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்' என்ற நூலை இரவல் வாங்கினேன். உயர்வகுப்பு மாணவர் ஐவர் முன்வந்தனர். பாடசாலை விட்டபின் மாலையில் ஒரு மணி நேரம், பழைய எழுத்து வடிவங்களைக் கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகினோம். என் கையெழுத்தைவிட அப்பிள்ளைகளின் கையெழுத்தே கல்லெழுத்துக்கு நெருங்கி வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதங்களின் பின் ஒரு சனிக்கிழமை விடியற்காலை பன்ஹல்கல ஏறினோம். காலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் கல்லெழுத்து நிழல் கொண்டு எழும்பும். அதே பிக்கு இருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். ஐவருள் ஒருத்தி, தேயிலைத் தோட்டத்திலிருந்து நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வருகிறவள், பாறையைத் தொடாமல் விரலை ஒரு சாண் உயரத்தில் நகர்த்திக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். ஓரிடத்தில் நின்றாள், மீண்டும் தொடங்கினாள். மற்றவர்கள் மறுத்தார்கள், வாதாடினார்கள், பிறகு இணங்கினார்கள். பிக்கு தம்முடைய கொப்பியைத் திறந்து, அவள் சொல்லச் சொல்ல, அந்தத் தமிழ் ஒலிகளைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார்.

அன்று இரவே மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். ஒரு வரிகூட முடியவில்லை, பதினோர் எழுத்துத்தான் என்று. அவருடைய பதில் ஒரு தபாலட்டையில் வந்தது: "அடுத்த பஸ்ஸில் வருகிறேன். பன்னிரண்டாவதை எனக்கு விட்டு வையும்."