'கிரட்டூயிட்டஸ்'... தேங்க்ஸ் மெயிலில் போட்டுடாதீங்க பாஸ்!

புராஜெக்ட் நல்லபடியா முடிஞ்சிருச்சு. டீம் லீடருக்கு ஒரு தேங்க்ஸ் மெயில் தட்டணும். 'கிரேட்ஃபுல்' எல்லாரும் போடுற வார்த்தை. கொஞ்சம் கெத்தா வேற ஏதாவது போடலாமேன்னு மொபைலில் தேடினா, 'கிரேட்டிட்யூட்' சாயலில் அழகா ஒரு வார்த்தை வந்து நிற்கும். 'தேங்க் யூ ஃபார் யுவர் கிரட்டூயிட்டஸ் அட்வைஸ்' என்று அனுப்பிட்டீங்கன்னா முடிஞ்சது கதை. படிக்கிறவர் அதை எப்படிப் புரிஞ்சுப்பார் தெரியுமா? 'யாரும் கேட்காமலேயே நீங்க அள்ளி விட்ட வேண்டாத அட்வைஸுக்கு நன்றி!'

நன்றி சொல்லப் போய் வம்பை விலைக்கு வாங்கிக்கொடுக்கிற இந்த வார்த்தையைச் சரியாத் தெரிஞ்சுக்கிட்டா, வீட்டிலும் ஆபீஸிலும் நாம தினம் சந்திக்கிற ஒரு விஷயத்துக்குச் சரியான பெயர் கிடைக்கும்.

எப்படிச் சொல்வது?

எழுத்துகள் இவை: ஜி, ஆர், ஏ, டி, யூ, ஐ, டி, ஓ, யூ, எஸ். உச்சரிப்பு 'கிர-ட்யூ-இ-ட்டஸ்'. அமெரிக்கர்கள் 'ட்யூ'வை 'டூ' என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அழுத்தம் இரண்டாவது அசையில்தான். முதல் அசையை அழுத்தி 'கிரேட்' என்று ஆரம்பிக்கக் கூடாது.

அர்த்தம்? 'எந்த நியாயமான காரணமும் இல்லாத, அந்த இடத்துக்குக் கொஞ்சமும் தேவைப்படாத' என்பதுதான். வெறுமனே 'தேவையில்லாத' என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதி அர்த்தம் போய்விடும். இருந்தும் இல்லாமலும் போகிற விஷயம் அல்ல. இருப்பதாலேயே உறுத்துகிற விஷயம். அதனால்தான் அவமானம், வன்முறை, கொடுமை, கெட்ட வார்த்தை இவற்றின் முன்னால் இந்த வார்த்தை அதிகமாக வந்து உட்காரும்.

நம்ம 'சும்மா' மாதிரியே!

இந்த வார்த்தையின் பூர்வீகம் லத்தீன். அங்கே இதன் மூல வார்த்தைக்கு 'இலவசமாகக் கொடுக்கப்பட்டது' என்று பொருள். 'கிராட்டிஸ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 'பணம் வேண்டாம், நன்றி மட்டும் போதும்' என்ற கருத்தில் பிறந்த சொல் அது. கிரேட்டிட்யூட், கிரேட்ஃபுல், கிரேஸ், கங்கிராஜுலேஷன் எல்லாமே இதே குடும்பம்தான். அப்படிப்பட்ட நல்ல குடும்பத்தில் பிறந்த பிள்ளை எப்படிக் கெட்டுப்போச்சு?

17-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, இந்த வார்த்தைக்கு 'இலவசமான' என்ற நல்ல அர்த்தம்தான் இருந்தது. அதே நூற்றாண்டு முடிவதற்குள் 'காரணமே இல்லாத' என்ற இன்னொரு அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. விலை இல்லாமல் வருவது, காரணம் இல்லாமல் வருவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன தாண்டல்தான்.

தமிழ் தெரிந்த நமக்கு இது புதுசே இல்லை. 'இந்தக் கவர் கடையில சும்மா கொடுத்தாங்க' என்றால் இலவசம். 'சும்மா இருந்தவனை ஏன்டா அடிச்சே? சும்மாதான் அடிச்சேன்' என்றால், காரணம் இல்லாமல். ஒரே 'சும்மா', இரண்டு வேலை. கிரட்டூயிட்டஸும் இதே ரூட்தான். வித்தியாசம் என்னன்னா, இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் 'இலவசம்' என்ற பழைய அர்த்தம் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது.

சட்டப் புத்தகத்தில் இன்னும் நல்ல பிள்ளை

பழைய அர்த்தம் பத்திரமாக இருக்கிற இடம் சட்டம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இந்த வார்த்தை பல இடங்களில் வரும். அங்கே திட்டும் கிடையாது, குத்தலும் கிடையாது. 'கட்டணம் வாங்காமல்' என்று மட்டும்தான் பொருள்.

உங்க பைக்கை ஃப்ரெண்டுக்கு ஒரு நாள் ஓசியில் கொடுக்கிறீங்க. பிரேக் சரியில்லைன்னு உங்களுக்குத் தெரியும்; ஆனா சொல்லலை. அவர் விழுந்து அடிபட்டால் நீங்கதான் பொறுப்பு. பிரேக் பிரச்னை உங்களுக்கே தெரியாதுன்னா பொறுப்பு வராது. அதே பைக்கை வாடகைக்கு விட்டிருந்தால், குறை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பொறுப்பு உங்க தலையில்தான். இந்தச் சட்டத்தின் 150-வது பிரிவு சொல்வது இதைத்தான். அதில் பைக் வராது. குதிரையும் வண்டியும்தான் உதாரணம்.

ஆக, சட்டம் படிக்கிறவர்கள் இந்த வார்த்தையைப் பார்த்ததும் 'தேவையற்ற' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. அங்கே அது 'இலவசம்'.

இன்னொரு குழப்பமும் உண்டு. சம்பள ஸ்லிப்பில் பார்க்கிற 'கிராஜுவிட்டி', அதாவது பணிக்கொடை, இதன் நெருங்கிய சொந்தம்தான். ஆனால், அது முதலாளி மனசு வைத்து சும்மா கொடுக்கிற பணம் அல்ல. 1972-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டு, அதைத் தொழிலாளியின் உரிமையாக்கிவிட்டார்கள். 'கிராஜுவிட்டி எல்லாம் நாங்களா பார்த்துக் கொடுக்கிறதுப்பா' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

பக்கத்து வீட்டு வார்த்தைகள்

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். ஏறக்குறைய ஒரே அர்த்தம் தருகிற நாலு வார்த்தைகளைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

* அன்னெசஸரி: வெறும் 'தேவையில்லை'. திட்டு எதுவும் கிடையாது. ஒரு மீட்டிங், ஒரு செலவு, ஒரு கமா... எதற்கும் போடலாம்.

* சூப்பர்ஃப்ளுவஸ்: தேவைக்கு மேலே வழிவது. இரண்டு வரியில் சொன்னதை மூன்றாவது வரியில் திரும்பச் சொன்னால், அந்த மூன்றாவது வரி.

* அன்வாரன்டட்: போதுமான ஆதாரம் இல்லாதது. பயம், சந்தேகம், குற்றச்சாட்டு இவற்றோடு சேரும். மனைவி போனை எடுக்காத 10 நிமிஷத்தில் கணவருக்கு வருகிற சந்தேகம் இந்த ரகம்.

* கிரட்டூயிட்டஸ்: காரணமே இல்லாமல் வலிந்து திணிக்கப்பட்டது. யாரோ ஒருவர் வேண்டுமென்றே உள்ளே வைத்திருக்கிறார் என்ற குற்றச்சாட்டு இந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கும்.

அதனால் 'இது ஒரு கிரட்டூயிட்டஸ் மீட்டிங்' என்று சொன்னால் ஒட்டாது. 'தட் வாஸ் அ கிரட்டூயிட்டஸ் இன்சல்ட்' என்றால் கச்சிதம்.

சினிமா சொல்லித் தரும் டெஸ்ட்

ஆங்கிலத்தில் இந்த வார்த்தை அதிகம் புழங்கும் இடங்களில் ஒன்று சினிமா விமர்சனம். 'கிரட்டூயிட்டஸ் வயலன்ஸ்' என்றால், கதைக்குத் தேவைப்படாமல் ரத்தத்துக்காகவே வைத்த ரத்தம். நம் ஊர் சென்சார் அதிகாரிகளுக்காக மத்திய அரசு 1991-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் இதே கருத்து இருக்கிறது. அர்த்தமில்லாத, தவிர்க்கக்கூடிய வன்முறைக் காட்சிகள் கூடாது என்கிறது அது.

அப்படியானால் வன்முறை அதிகமாக இருந்தாலே கிரட்டூயிட்டஸா? இல்லை. வெற்றிமாறனின் 'விசாரணை'யை எடுத்துக்குங்க. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனில் அடிக்கிற காட்சிகளைக் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. ஆனா, அந்த அடியை வெட்டி எடுத்துட்டா படத்தில் என்ன மிஞ்சும்? அந்தப் படம் பேசுவதே அந்த அடியைப் பற்றித்தான்.

டெஸ்ட் இவ்வளவுதான்: அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால், அது கிரட்டூயிட்டஸ். எவ்வளவு வலிக்கிறது என்பது இங்கே கணக்கே இல்லை. எதற்காக அது அங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆபீஸிலும் வீட்டிலும்

இதே டெஸ்ட்டை வாழ்க்கைக்குக் கொண்டு வாங்க. மேனேஜர் ஜூனியரிடம் சொல்கிறார்: "இந்த ரிப்போர்ட்ல மூணு நம்பர் தப்பா இருக்கு. உங்க ஊர் காலேஜ்ல எல்லாம் கணக்கே சொல்லித்தர மாட்டாங்களா?"

முதல் வாக்கியம் வலிக்கும். ஆனால், அதில் காரணம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் தப்பு அப்படியே நின்றுவிடும். இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிட்டுப் பாருங்க. ரிப்போர்ட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதுதான் கிரட்டூயிட்டஸ்.

இப்படிப் பிரிக்கத் தெரியாவிட்டால் இரண்டு ஆபத்து. ஒன்று, கோபத்தில் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த மூணு நம்பரைத் திருத்தாமலே விட்டுவிடுவோம். இன்னொன்று, 'தப்பு நம்ம மேலதானே' என்று இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிட்டு, 'நம்ம ஊர் காலேஜே மட்டம்தான் போல' என்று ராத்திரி தூங்காமல் கிடப்போம். பிரிக்கத் தெரிந்தவர், "நம்பரை மாத்திடறேன் சார். காலேஜைப் பத்திப் பேச வேண்டாமே" என்று சொல்லிவிட்டுச் சீட்டுக்குப் போய்விடலாம்.

கல்யாண வீட்டில் பார்த்ததும் "என்னம்மா, இப்படிக் கறுத்துப்போயிட்ட?" என்று கேட்கும் அத்தையின் பாசத்தைச் சந்தேகப்பட வேண்டாம். அந்தக் கேள்வி மட்டும் கிரட்டூயிட்டஸ். அதேசமயம், "ரெண்டு மாசமா இருமிக்கிட்டே இருக்கியே, டாக்டரைப் பார்த்தியா?" என்று அதே அத்தை கேட்டால், அது நாம் கேட்காமலே வந்த அட்வைஸாக இருந்தாலும் கிரட்டூயிட்டஸ் அல்ல. அதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது.

இந்த வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு, பிடிக்காத விமர்சனத்தை எல்லாம் 'கிரட்டூயிட்டஸ்' என்று தள்ளிவிடவும் கூடாது. உறுத்துவதும் உண்மையாக இருக்கலாம்.

இன்ஸ்டாவில் யாரோ ஒருவரின் போட்டோவுக்குக் கீழே கமென்ட் தட்டும்போதும் இந்த டெஸ்ட் உதவும். டைப் பண்ணியாச்சு, கடைசி வரி கொஞ்சம் குத்தலா வந்திருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சிட்டுப் படிச்சுப் பாருங்க. சொல்ல வந்தது முழுசா அப்படியே இருந்தா, அதை அழிச்சது அழிச்சதாகவே இருக்கட்டும்.

தேங்க்ஸ் மெயிலுக்கு? பழைய 'கிரேட்ஃபுல்' போதும் பாஸ்!