குழந்தையின் கழுத்தில் கட்டி: ஸ்கேன் எதற்காக?

கழுத்தில் வீக்கம் தென்பட்டதும் பெற்றோர் முதலில் அஞ்சுவது புற்றுநோயை. குழந்தைகளிடம் பெரும்பாலும் அது சளியையோ தொண்டைப்புண்ணையோ ஒட்டி நெறி கட்டியதாகவே இருக்கும், தானே வடிந்துவிடும். வடியாமல் நிற்பவற்றுள்ளும், வடிந்தபின் அதே இடத்தில் மீண்டும் எழுபவற்றுள்ளும் பிறவி நீர்க்கட்டிகள் உண்டு.

கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியில் தோன்றிக் கழுத்துக்கு இறங்குகிறது. இறங்கிய வழி மறையாமல் எஞ்சினால் நடுக்கழுத்தில் நீர்க்கட்டி உண்டாகலாம். குழந்தை நாக்கை நீட்டும்போது அது மேலே நகரும். பிறவிக் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

நாங்கள் முதலில் செய்வது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதில் கதிர்வீச்சு இல்லை. தாயின் மடியில் இருந்தபடியே செய்யலாம். கட்டியைப் பார்ப்பதோடு நில்லாமல், தைராய்டு தன் இடத்தில் உள்ளதா என்பதையும் பார்க்கிறோம். அரிதாக, கட்டி எனத் தோன்றுவதே அக்குழந்தையின் ஒரே தைராய்டாக இருக்கும். அறியாமல் அதை அகற்றினால் வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண நேரிடும்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. கழுத்தின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் இடப்பக்கத்தில், தைராய்டை ஒட்டிச் சீழ்க்கட்டி எழும். கீறிச் சீழை வெளியேற்றினால் ஆறும். சில மாதங்களில் திரும்ப வரும். இரண்டு மூன்று முறை கீறப்பட்ட பிறகே பலர் இங்கு வருகின்றனர். தொண்டையின் உட்புறக் குழியொன்றிலிருந்து தைராய்டை நோக்கிச் செல்லும் நுண்ணிய பிறவி வழியே இதற்குக் காரணம்; அதன் வாயிலாகக் கிருமிகள் உள்ளே இறங்குகின்றன. அவ்வழி அடைபடும்வரை, எத்தனை முறை கீறினாலும் சீழ் மீண்டும் சேரக்கூடும்.

இதைக் கண்டறியக் குழந்தைக்குப் பேரியம் கரைசலைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கிறோம். வீக்கம் இருக்கையில் வழி அழுந்தி மூடியிருக்கும் என்பதால், சீழ் ஆறிச் சில வாரங்கள் கழித்தே வரச் சொல்கிறோம். நலமாக ஓடியாடும் குழந்தைக்கு எதற்குப் பரிசோதனை என்று சிலர் வராமலே இருந்துவிடுகின்றனர். அது நியாயமான ஐயந்தான். ஆனால் அந்நாள்களில்தான் வழி தென்படும். அப்போதும் தென்படாவிடில், மயக்கம் கொடுத்து உள்நோக்கிக் கருவியால் நேரில் பார்ப்பதுண்டு.

கட்டி ஆழமாகச் சென்றாலோ, தைமஸ் சுரப்பியின் நீர்க்கட்டிபோல மார்புக்குள் இறங்கினாலோ எம்.ஆர்.ஐ. தேவைப்படும். சிறு குழந்தை அசையாதிருக்க மயக்க மருந்து கொடுக்க நேரலாம்; ஆகவே உணவு, பால் நிறுத்தும் நேரத்தை வழுவாது கடைப்பிடியுங்கள்.

வரும்போது பழைய ஸ்கேன் படங்களையும், சீழ் எடுத்த ஒவ்வொரு முறைக்குமான மருத்துவக் குறிப்புகளையும் கொண்டுவாருங்கள். எந்தப் பக்கம், எத்தனை முறை என்னும் விவரமே பல வேளைகளில் எந்த ஸ்கேன் எடுப்பது என்பதை முடிவு செய்கிறது.