சராசரி வெயிலுக்குக் கட்டும் வீடுகள்

ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். சென்னையில் எழப்போகும் ஒரு கட்டடத்தை ‘எனர்ஜிபிளஸ்’ போன்ற மென்பொருளில் ஓட்டிப் பார்க்கும்போது, அத்தனை மணி நேரத்துக்கும் வெயில், ஈரப்பதம், காற்று பற்றிய கணக்கு உள்ளே போகிறது. மேற்குச் சுவர் எந்த நேரத்தில் எவ்வளவு சூடேறும், படுக்கையறையில் எத்தனை டிகிரி இருக்கும், ஏசி எத்தனை யூனிட் இழுக்கும் என்பதெல்லாம் வெளியே வருகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகவே தரும் மென்பொருள் இது. அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஒரு வருடம் குடியிருந்து பார்த்துவிடலாம்.

சிக்கல் அந்த வானிலைக் கோப்பில்தான். பல ஆண்டுப் பதிவுகளை அலசி, வழக்கத்திலிருந்து அதிகம் விலகாத ஒரு ஜனவரி, ஒரு மே, ஒரு டிசம்பர் என்று பொறுக்கிக் கோத்த ‘வழக்கமான ஆண்டு’ அது. 2003 மே 31 அன்று சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அந்த மாதிரி நாட்கள் பெரும்பாலும் இடம்பெறாத கோப்பு அது. மின்கட்டணத்தைக் கணிக்க அது போதும். கொடும் வெயிலில் உள்ளே இருப்பவர் தாங்குவாரா என்று கேட்டால், அதனிடம் பதில் கிடையாது. இதற்காகவே பழைய பதிவுகளின் மீது வருங்காலப் பருவநிலைக் கணிப்புகளை ஏற்றி, 2050க்கும் 2080க்கும் ஏற்ற கோப்புகளை உருவாக்கும் முறையை பிரிட்டன் ஆய்வாளர்கள் 2005இல் வகுத்தார்கள். நம் ஊரில் போடப்படும் பிளான்களில் பெரும்பாலானவை பழைய கோப்பைக்கூடப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

பேரிடர் என்றதும் நம் கை கான்கிரீட்டைத்தான் தேடுகிறது. தூணைப் பெரிதாக்கு, கம்பியைக் கூட்டு, தளத்தைத் தடிமனாக்கு. ஆனால் 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. சூளைக்கு எரித்த நிலக்கரியின் கணக்கு இதில் சேராது. உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமென்ட்டின் பங்கு 7 முதல் 8 சதவீதம் வரை. பருவநிலையைக் கெடுக்கும் பொருளைக் கூடுதலாகக் கொட்டித்தான் அந்தப் பருவநிலையிடமிருந்து தப்பிக்க வேண்டுமா?

தேவையில்லை, வலு எங்கே வேண்டும் என்று தெரிந்தால் போதும். புயலை எடுத்துக்கொள்வோம். காற்று கூரையை அழுத்துவதைவிட உறிஞ்சி மேலே தூக்குவதே அதிகம்; அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும். காற்றோட்டத்தைக் கணினியில் உருவகித்தால் அந்த இடங்கள் தனியாகத் தெரிந்துவிடும். அங்கே ஜே போல்ட்டுகளை நெருக்கமாகப் போட்டால் தகரக் கூரை நிற்கும். நடுவில் இரட்டிப்பாகப் போட்டுப் பயனில்லை. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய பகுதியில் மருத்துவமனை கட்டினால் கணக்கிடும் காற்று வேகத்தை 1.3 மடங்காக்கச் சொல்கிறது இந்தியத் தரநிலை (ஐஎஸ் 875, பகுதி 3, 2015). அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது ஏறக்குறைய 69 சதவீதம் கூடுதல் சுமை. இந்தக் கூடுதலை எல்லாக் கட்டடத்திலும் கண்மூடித்தனமாகக் கொட்டுவது வீண்செலவு.

தளத்துக்கும் இதே நியாயம். கான்கிரீட்டுக்கு இழுவிசையைத் தாங்கும் சக்தி குறைவு. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுப்பை வாங்கிக்கொள்வது கம்பிதான். அந்த இடத்துக் கான்கிரீட்டைக் குறைத்து மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கட்டியவர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர். அவர் காகிதத்தில் போட்ட கணக்கை இன்று கணினியின் முப்பரிமாண மாதிரி ஒவ்வொரு உத்திரத்துக்கும் போட்டுக் காட்டுகிறது. எத்தனை மூட்டை, எவ்வளவு கம்பி, அதன் கார்பன் எவ்வளவு என்ற கணக்கோடு. சிமென்ட்டிலும் மாற்று வந்துவிட்டது. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் கலந்த ‘எல்சி3’ வகை, கரியமில வாயுவை 40 சதவீதம் வரை குறைக்கிறது. அதன் ஆய்வில் சென்னை ஐஐடிக்கும் பங்குண்டு. 2023இல் இந்தியத் தரநிலையும் கிடைத்துவிட்டது.

கணினியிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இன்னொன்று: மின்சாரம் போனால்? 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபின் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அது டிசம்பர் என்பதால் தப்பித்தோம். அதுவே மே மாதமாக இருந்தால்? மென்பொருளில் ஏசியை அணைத்துவிட்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் இரவு பத்து மணிக்கும் அனலடிப்பதை மேல்தளத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். கடற்கரை ஊர்களில் கோடை இரவும் பெரிதாகக் குளிர்வதில்லை. தடித்த சுவர் மட்டும் காப்பாற்றாது, காற்று ஓட வேண்டும். குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் விதித்தொகுப்பான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ (2018), சென்னை போன்ற வெப்ப ஈரப் பகுதிகளில் திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. கண்ணாடியை நிரந்தரமாகப் பூட்டிய அலுவலகக் கோபுரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலைதான் வருகிறது. ஏசியில்லாமலும் இருக்க முடிகிற வீடு, ஏசி உள்ள நாட்களிலும் குறைவாகவே மின்சாரம் இழுக்கும். தாங்குதிறனும் கார்பன் சிக்கனமும் இங்கே ஒரே செலவில் கிடைக்கின்றன.

வெள்ளம் மட்டும் இந்த வகை மென்பொருளுக்குள் அடங்காது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அத்தகைய வெள்ளத்தைக் கணிக்க நிலமட்ட வரைபடமும் வடிகால் கணக்கும் தனியே வேண்டும்; ஏரி வாயில் மனை வாங்கியவருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

வீடு கட்டப்போகிறவர்கள் பொறியாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்த ஆண்டு வெயிலுக்கு இந்தக் கணக்கு? கரண்ட் போன மூன்றாம் நாள் மேல்மாடியில் எத்தனை டிகிரி? 2015இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது, தரைமட்டம் அதற்கு மேலே இருக்கிறதா? பிளான் கையெழுத்தாகும் முன்பே கேட்டுவிடுங்கள்.