பறக்கக் கற்ற பிள்ளை எங்கே பணியேற்பது?

சென்னையிலிருந்து செங்குன்றத்தைக் கடந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் சோழவரம் என்னும் ஊர் உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே விமானங்களுக்கென ஓர் ஓடுதளம் அமைத்தார்கள். போர் முடிந்தபின் பல ஆண்டுகள் அத்தளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. இன்று அந்தச் சாலையில் நாம் காண்பவை சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் சரக்கு லாரிகளுமே. ஆயினும், அப்பேருந்துகளில் ஷிப்டுக்குச் செல்லும் தந்தையரின் இல்லங்களையும் விமானியாகும் ஆசை இன்று எட்டியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அது நிறைவேறியபின் எழும் ஒரு கேள்வியைப் பற்றிப் பெற்றோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலை ஒன்றில் இருபது ஆண்டுகளாக உழைப்பவர். ஊரிலிருந்த நிலத்தை விற்றும், வங்கியில் கடன் பெற்றும் மகனை விமானப் பயிற்சிக்கு அனுப்பினார். மகனும் இருநூறு மணி நேரம் பறந்து, தேர்வுகளில் தேறி, வணிக விமானி உரிமம் பெற்றுவிட்டான். இப்போது இரண்டு வாய்ப்புகள். ஐந்தாறு விமானங்களே உடைய சிறு நிறுவனம் உடனே வரச் சொல்கிறது. பெரிய நிறுவனமோ காத்திருக்கச் சொல்கிறது.

"அப்பா, சின்ன கம்பெனி என்றால் சீக்கிரம் கேப்டன் ஆகிவிடலாம்" என்கிறான் மகன். "எதில் சம்பளம் அதிகம்?" என்று கேட்கிறார் தாய். "எது நிலைக்கும், தம்பி?" என்பது தந்தையின் கேள்வி. மூன்றுமே நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை காண, நம் நாட்டின் விமான நிறுவனங்களின் கதையைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

எழுந்தவையும் வீழ்ந்தவையும்

1953இல் எட்டு உள்நாட்டு விமான நிறுவனங்களை ஒன்றாக்கி அரசு இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தது. அந்த ஏகபோகச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டது. தனியார் பலர் துணிந்து இறங்கினர். காற்றாலைத் தொழிலில் இருந்த சென்னையின் என்.இ.பி.சி. குழுமமும் விமானங்களை ஓட்டியது. 1997இல் அது ஓய்ந்தது. 2005இல் சென்னையைத் தளமாகக் கொண்டு எழுந்த பாரமவுண்ட் ஏர்வேஸ், எம்ப்ரேயர் என்னும் பிரேசில் நாட்டு விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து இயக்கியது. குத்தகை கொடுத்தவர்களோடு பிணக்கு மூண்டு, 2010இல் அதுவும் நின்றது.

பின்னர் பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015இல் தொடங்கி 2016இல் முடிந்தது. கோவையின் ஏர் கார்னிவல் 2016இல் தொடங்கி மறு ஆண்டே நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரை பறந்தது. 2018இல் சேலத்துக்கு விமானம் விட்ட ட்ரூஜெட் 2022இல் நின்றது.

அப்படியானால் பெரியவை நிலைத்தனவா? அதுவும் இல்லை. கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும், கோ ஃபர்ஸ்ட் 2023இலும் முடங்கின. கிங்ஃபிஷரிலும் ஜெட்டிலும் பணியாளர் பலர் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தனர். ஆகவே, பெரியது நிலைக்கும், சிறியது வீழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட இயலாது.

விமானியின் உண்மையான சொத்து

ஒரு விமானியின் சொத்து அவனுடைய சம்பளம் அன்று. பறந்த மணி நேரங்களைப் பதிந்துவைக்கும் ஏடே ஆகும். முழுத் தகுதிக்குரிய உயர் உரிமம் பெற ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சிறு நிறுவனத்தில் மூத்தோர் வரிசை குறுகியது. ஆதலால் கேப்டன் பதவி விரைவில் கிட்டக்கூடும். இது உண்மையான நன்மை. மகனின் சொல்லைத் தள்ளிவிட வேண்டாம்.

ஆனால், ஐந்து விமானங்களில் இரண்டு பழுதாகி நின்றால் அந்த ஏட்டில் மணிகள் ஏறா. மேலும், ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சியும் தனித் தகுதிச் சான்றும் வேண்டும். ஏ.டி.ஆர். என்னும் சிறு விமானத்தை ஓட்டுபவன் மறுநாளே ஏர்பஸ்ஸில் அமர இயலாது. அரிதான வகை விமானத்தில் பயின்றவனின் நிறுவனம் மூடப்பட்டால், அந்தச் சான்றை மதிக்க உள்நாட்டில் வேறு வாசல் இராமற்போகலாம். புதுப் பயிற்சிக்கு மீண்டும் இலட்சங்கள் தேவைப்படும்.

வெளியேறுவதும் எளிதன்று. 2017ஆம் ஆண்டின் விதி, விலக விரும்பும் கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்றது. 2023இல் புதிய நிறுவனமாகிய ஆகாசா ஏரிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட விமானிகள் அவ்வாறு அறிவிப்புக் காலத்தை முடிக்காமல் போட்டி நிறுவனங்களுக்குச் சென்றதாக வழக்கு எழுந்தது. விமானங்கள் பல ரத்தாகின. பயிற்சிச் செலவுக்காக எழுதிக்கொடுக்கும் பத்திரமும் ஒரு தளையே. படித்துப் பாராமல் கையொப்பம் இடலாகாது.

தொழிற்சாலை வாயிலில் கற்ற பாடம்

இவற்றையெல்லாம் எடைபோடத் தந்தைக்கு விமான அறிவு வேண்டுமா? வேண்டியதில்லை. சிப்காட் வாயிலில் அவர் கற்றதே போதும். ஒரு ஆலையில் சேருமுன் தொழிலாளர் என்ன கேட்பர்? சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா? பி.எப். பணம் கட்டுகிறார்களா? வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? இயந்திரங்கள் ஓடுகின்றனவா, துருப்பிடிக்கின்றனவா? முதலாளிக்கு ஆர்டர் உண்டா, கடன் உண்டா? இதே கேள்விகளை மகன் அந்த நிறுவனத்தில் பணிபுரியும் விமானிகளிடமும் பொறியாளர்களிடமும் கேட்கட்டும். விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வர். சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போன நிறுவனத்தில், ஆறு மாதத்தில் கேப்டன் பதவி என்னும் வாக்குறுதிக்கு என்ன மதிப்பு?

இறுதியாக ஒன்று. இதுவே எல்லாவற்றிலும் பெரியது. விமானியின் பின்னால் எழுபது பேரோ நூற்றெண்பது பேரோ அமர்ந்திருக்கிறார்கள். உடல் களைத்திருந்தாலோ, வானிலை கெட்டிருந்தாலோ, இயந்திரத்தில் ஐயம் இருந்தாலோ, "இன்று பறக்க மாட்டேன்" என்று சொல்லும் துணிவு அவனுக்கு வேண்டும். வேலை போனால் அடுத்த மாதத் தவணை கட்ட வழியில்லை என்னும் அச்சம் நெஞ்சை அழுத்தும்போது அத்துணிவு எவ்வாறு வரும்?

அங்கேதான் குடும்பத்தின் கடமை தொடங்குகிறது. மகனுக்கு வேலை கிடைத்ததும் புது வீடு, கார், ஆடம்பரத் திருமணம் என்று அகலக் கால் வைக்காதீர்கள். ஆறு மாதத் தவணைக்கான பணத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஏழாம் மாதம் நிறுவனம் கதவடைத்தாலும் வீடு நிற்கும். மகனும் தலைநிமிர்ந்து நிற்பான்.

அவன் சிறு நிறுவனத்தைத் தேர்ந்தாலும் சரி, பெரிய நிறுவனத்துக்குக் காத்திருந்தாலும் சரி. "மாட்டேன் என்று சொல்ல வேண்டிய நாளில் சொல்லிவிடு, தம்பி, வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தந்தை சொல்லக்கூடிய நிலையில் அந்தக் குடும்பம் இருக்கட்டும். வானில் பறப்பவனுக்கு நாம் தரக்கூடிய உறுதியான நிலம் அதுவே.