கீழணையோடு நின்றுபோன மீன்

நெய்வேலியிலிருந்து கும்பகோணம் போகிற பஸ் வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி எல்லாம் தாண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும். ஆடி, ஆவணியில் போனால் மதகுகளுக்குக் கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். கரையில் மசாலா தடவிய மீன் எண்ணெயில் பொரியும் வாசனை பஸ்ஸுக்குள் வரும். பெரும்பாலும் கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி. இந்த இடத்தில் ஒரு காலத்தில் வேறொரு மீனுக்காகவே சீசன் இருந்தது என்று சொன்னால் இன்றைக்குப் பலர் நம்பமாட்டார்கள். அந்த மீன் உள்ளம். வங்காளிகள் உயிரை விடும் இலிஷ், கோதாவரிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் புலசா, நாம் ஹில்சா என்று படித்தது, எல்லாம் இதேதான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே காது கொடுப்பவர்கள் உண்டு. சுரங்கமும் அனல்மின் நிலையமும் வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆட்களை இங்கே கொண்டுவந்திருக்கின்றன. மழைக்காலம் பிறந்தால் ஊரிலிருந்து யாராவது ஐஸ் பெட்டியில் இலிஷ் கொண்டுவருவார்களா என்று பார்த்திருப்பவர்கள் அவர்கள். தங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்திலேயே அந்த மீன் ஆறு ஏறியது என்பது அவர்களுக்கும் புதுச்செய்திதான்.

உள்ளம் கடல் மீன். கரையோரக் கடலிலும் முகத்துவாரத்திலும் வளரும். முட்டையிட மட்டும் நல்ல தண்ணீரைத் தேடி ஆற்றில் எதிர்நீச்சல் போடும். மேற்கே தென்மேற்குப் பருவமழை பிடித்து, காவிரியில் வெள்ளம் வந்து, கொள்ளிடம் வழியாகச் செந்நிறத் தண்ணீர் கடலில் கலக்கும்போது அதற்குச் சேதி போய்விடும். கூட்டம் கூட்டமாக ஏறும். முட்டையிட்ட பிறகு பசிபிக் சால்மனைப் போலச் செத்துப்போவதில்லை. திரும்பக் கடலுக்கே போகும். குஞ்சுகள் சில மாதம் ஆற்றில் மேய்ந்து வளர்ந்து, பிறகு இறங்கும். முட்டை கட்டி ஏறும் நேரத்தில் உடம்பில் கொழுப்பு ஏறியிருக்கும். அந்த ருசிக்குத்தான் அத்தனை விலை. முள்ளும் அத்தனை உண்டு. வலையிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் செத்துவிடும், கை பட்டால் செதில் உதிரும். வளர்ப்பவர்களுக்கு இதுதான் தலைவலி.

1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் இரண்டு அணைகள் கட்டினார். திருச்சிக்குப் பக்கத்தில் முக்கொம்பில் மேலணை, இங்கே அணைக்கரையில் கீழணை. தஞ்சாவூர் நெல்லுக்கு அவர் செய்த உபகாரம் பெரிது. அதில் சண்டைக்கு இடமில்லை. வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் போவதும், 2004 முதல் அந்தத் தண்ணீர் சென்னைக் குழாயில் வருவதும் இந்தக் கீழணையின் புண்ணியம்தான். ஆனால் கீழே நின்ற உள்ளத்துக்கு அது சுவர். வெள்ளம் பெரிதாக வந்து அணை மூழ்கும் நாட்களில் மட்டும் வழி கிடைக்கும். மற்ற நாட்களில் அணைக்குக் கீழே கூட்டமாக முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே வலை வீசுகிறவனுக்குக் கொண்டாட்டம். அடுத்த தலைமுறை மீனுக்கு அதுவே சமாதி.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் பிரான்சிஸ் டே. மதராஸ் படையில் மருத்துவராக இருந்து மீன் ஆராய்ச்சிக்குப் போனவர். இந்திய நன்னீர் மீன்வளம் பற்றி 1873இல் வந்த அவருடைய அறிக்கை, அணைகள் மீன்களின் பாதையை எப்படி மறிக்கின்றன என்பதை விரிவாகப் பேசுகிறது. இதே டே, 1860களில் நீலகிரிக்கு ட்ரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றவரும்கூட. இங்கிலாந்தின் குளிர் ஓடையில் வாழும் மீனை ஊட்டியில் தூண்டில் போட்டுப் பிடிக்க வேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரைமார்களின் நெடுநாள் ஆசை.

அந்த ஆசையை நிறைவேற்றியவர் எச்.சி. வில்சன். பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் மதராஸ் மீன்வளத் துறை உருவான 1907ஐ ஒட்டியே நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் குளிர் காத்து வந்த ரெயின்போ ட்ரவுட் முட்டைகள் மலை ஓடைகளில் பிழைத்துக்கொண்டன. அந்தப் பொரிப்பகம் இன்றும் இருக்கிறது. ரெயின்போ ட்ரவுட்டின் பூர்வீகம் பசிபிக் கடலோர ஆறுகள். அங்கே அதே இனத்தில் ஒரு பிரிவு, சால்மனைப் போலவே கடலுக்குப் போய்த் திரும்புகிறது. நீலகிரிக்கு வந்தது மட்டும் கடலைப் பார்க்காமலே நூறு வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திவிட்டது.

இந்த வில்சன்தான் 1909 வாக்கில் கொள்ளிடத்துக்கும் வந்தார். அணையில் முட்டி நிற்கும் உள்ளத்தைப் பிடித்து, பெண் மீனின் வயிற்றை அழுத்தி முட்டையை எடுத்து, ஆண் மீனின் விந்தைக் கலந்து பொரிக்க வைக்க முடியுமா என்று பார்த்தார். அவருக்குப் பின் பி. சுந்தர ராஜ் கீழ்க்கொள்ளிடத்தில் அதே வேலையைத் தொடர்ந்து, 1917இல் உள்ளத்தின் பழக்கவழக்கங்கள் பற்றி எழுதினார். ஒரே துறை, கிட்டத்தட்ட ஒரே காலம். அயல்நாட்டு மீன் மலையில் வேர்பிடித்தது. உள்ளூர் மீன் கைவிட்டுப் போனது. திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். ட்ரவுட்டுக்குத் தேவைப்பட்டது குளிர்ந்த தண்ணீர், அது மலையில் ஏற்கெனவே இருந்தது. உள்ளத்துக்குத் தேவைப்பட்டது கடலிலிருந்து மலையடிவாரம் வரை திறந்து கிடக்கும் ஆறு. அதை எந்தப் பொரிப்பகமும் கொடுக்க முடியாது.

1934இல் மேட்டூர் அணை வந்தது. அதன் பிறகு வெள்ளம் என்பது வானம் அனுப்புவதாக இல்லாமல், மதகு திறப்பவர் அனுப்புவதாக மாறியது. காவிரி, கொள்ளிடத்து உள்ளம் மீன்பிடிப்பு அதோடு நொடித்துப்போனது. பாசனத்துக்குப் போனது போக மிச்சம்தான் கொள்ளிடத்துக்கு. முகத்துவாரத்தில் காத்திருக்கும் மீனுக்குச் சில வருஷம் சேதியே வராது.

உலகத்தில் இது புதிதல்ல. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் பொன்னெவில் அணையைக் கட்டும்போதே படிப்படியாக மீன் ஏணி வைத்தார்கள். ஏறும் சால்மனை 1938 முதல் எண்ணி வருகிறார்கள். அதே நாட்டில் எல்வா ஆற்றில் இரண்டு பழைய அணைகளை 2011இல் தொடங்கி மூன்று வருஷத்தில் இடித்தே தள்ளினார்கள், சால்மனுக்காக. ரஷ்யாவில் வோல்கா ஆற்றின் அணைகள், கேவியார் கொடுக்கும் ஸ்டர்ஜியன் முட்டையிடும் இடங்களை வெட்டிவிட்டன. நம் நாட்டில் 1975இல் பராக்கா வந்தபின், ஒரு காலத்தில் அலகாபாத் தாண்டி ஏறிய கங்கை ஹில்சா கீழேயே நின்றது. சால்மனுக்குச் செய்த ஏணியை அப்படியே எடுத்து ஹில்சாவுக்கு வைத்தாலும் பயனில்லை. சால்மன் துள்ளி ஏறும். ஹில்சா துள்ளாது, அதற்கு ஓடும் தண்ணீரில் நீந்தவே வழி வேண்டும். அதனால்தான் பராக்காவில் கப்பல் போகும் லாக்கைப் புதிதாகக் கட்டியபோது ஹில்சா ஏறும் வழியையும் வடிவமைப்பில் சேர்த்தார்கள்.

நம் பக்கத்தில் உள்ளம் போனாலும் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே போக்குவரத்து முழுக்க நின்றுவிடவில்லை. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேருகிறது, கொள்ளிடம் கொஞ்சம் தெற்கே. இரண்டுக்கும் நடுவில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. கிள்ளையில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால். கடலில் பிறந்த இறால் குஞ்சு இந்தச் சேற்றில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகிறது. மடவையும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும்போது முகத்துவாரத்து வலைக்காரர்களுக்கு வேலை கூடிவிடும்.

விலாங்கு உள்ளத்துக்கு நேர் எதிர். ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி மாதிரிக் குட்டியாக ஆற்றுக்குள் நுழைந்து, ஏரி குளத்திலெல்லாம் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கு இறங்கும். நெய்வேலி மெயின் பஜாரில் எப்போதாவது வரும். விற்கிற அம்மா கையில் சாம்பலை அள்ளிப் பூசிக்கொண்டுதான் அதைத் தொடுவார், இல்லாவிட்டால் நழுவிவிடும். ஒருமுறை பக்கத்துக் கூடையில் கிடந்த கொடுவாவைக் காட்டி, இது ஆற்று மீனா கடல் மீனா என்று கேட்டேன். “ரெண்டும்தான் சார். வாங்குனா செவுளைப் பார்த்து வாங்குங்க, ஊரைக் கேட்டு வாங்காதீங்க” என்றார். சரியாகத்தான் சொன்னார். கொடுவா நல்ல தண்ணீரில் வளர்ந்து, முட்டையிட உப்புத் தண்ணீருக்குப் போகும். முதலில் ஆணாக இருந்து சில வருஷத்தில் பெண்ணாக மாறும் விசித்திரமும் அதற்குண்டு. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் அதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துகாட்டியது.

நெய்வேலிக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். அப்படி வெளியேறும் தண்ணீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போய்ப் பாசனத்துக்குப் பயன்பட்டு, கடைசியில் கடலூர்ப் பக்கம் உப்பங்கழியைச் சேருகிறது. மற்ற ஆறுகள் சித்திரையில் மணலாகக் கிடக்கும்போதும் இதில் தண்ணீர் இருக்கும். இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு தயக்கம். மழையோடு பெருகி வெயிலோடு வற்றும் ஆற்றைத்தான் மீன் படித்து வைத்திருக்கிறது. இறவை மோட்டார் ஓட்டும் ஆற்றை அதற்குப் படிக்கத் தெரியாது. 2023இல் சுரங்கத்துக்காகப் பரவனாற்றையே வேறு தடத்தில் திருப்ப வளையமாதேவியில் கால்வாய் வெட்டியபோது நெற்பயிரின் மீது இயந்திரம் ஓடியது. ஊரே கொதித்தது. அப்போது பேசப்பட்டது நிலமும் நெல்லும்; அதில் நியாயம் இருந்தது. அந்த ஆற்றில் மேலும் கீழும் போகும் உயிர்களைப் பற்றி யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

கடலுக்கு நாம் ஒரு சீசனை ஒதுக்கக் கற்றுக்கொண்டோம். 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். முடசல்ஓடை துறைமுகம் வெறிச்சோடும். டவுன்ஷிப்பில் வஞ்சிரம் விலை கேட்டால் மயக்கம் வரும். முணுமுணுத்தாலும் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆற்றுக்கு மட்டும் அப்படி ஒரு நாளும் கிடையாது.

2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. அங்கே புதிய கதவணை கட்டினார்கள். கீழணைக்கும் கீழே ஆதனூர் – குமாரமங்கலம் இடையில் இன்னொரு கதவணை. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும் தண்ணீரைத் தேக்கவும் அது வேண்டும் என்று விவசாயிகள் கேட்டதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆனால் கதவணை என்றால் கதவு உண்டு; கதவு என்றால் திறக்கலாம். மேட்டூர் நிரம்பினால் உபரி எப்படியும் கொள்ளிடத்தில் கடலுக்குத்தான் போகிறது. அந்த நாட்களில் ஒரு சில கதவுகளை அடிவரை தூக்கி, மீன் நீந்தும் அளவுக்கு நீரோட்டத்தை அடக்கி விட்டால், நெல்லுக்கு ஒரு சொட்டும் குறையாது. எந்தக் கதவை எத்தனை அடி, எந்த வாரம் என்று கணக்குப் போட வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நீர்வளத் துறைக்காரர்கள் மதகு திறக்கும் அட்டவணையோடு ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்து பேசலாம்.